கப்பல் ஏறி வந்த கோஸ்

என் மச்சான் கப்பலில் வேலை பார்ப்பவன். செப்டம்பரில் மழை விட்டதும் ஒரு விதைப் பொட்டலம் தந்து, "அத்தான், இது கேல். கோஸ் சாதி. சீமையில ராணியே திம்பாங்களாம்" என்றான்.

அதை நம்பி, செம்பூர் வீட்டுக்குப் பின்னால் மனைவி வைத்த முருங்கைக்கன்றைப் பிடுங்கி எறிந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு கோஸ் என்று காலனி முழுக்க வாக்கும் கொடுத்தேன்.

செடி வளர்ந்தது. கோஸ் உருண்டை மட்டும் பிடிக்கவில்லை. பழைய துணி மாதிரி சுருண்ட இலைதான். குருத்துக்குச் சத்து ஏறட்டும் என்று அடியிலைகளை வாராவாரம் கிள்ளிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

இன்று மச்சான் வந்து சிரிக்கிறான். "இது உருண்டையே பிடிக்காது அத்தான். அடியிலையைத்தான் பறிச்சுப் பறிச்சுத் திங்கணும்."

"பெரிய அறிவாளி! விதை குடுத்தன்னைக்கு வாயில என்னல வச்சிருந்த?"

"கீரைன்னா நீங்க வாங்கிருக்க மாட்டிய."

மனைவி புது முருங்கைக் கம்போடு வந்து நின்றாள். "ஆட்டுக்கு விவசாயம் பாத்தது போதும். குழியத் தோண்டுங்க."

தோண்டிவிட்டேன். சீமைக் கீரையின் ருசியை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கோஸ் கேட்டு வருகிறவர்களும் நேராக அந்த ஆட்டையே பார்த்துக்கொள்ளவும்.