எதிர்ப்பக்கக் கையுறை

இது இரவில் நடந்ததல்ல. 1996 ஜூலை, பட்டப்பகல். நம்பாதவர்களோடு வாதாட மாட்டேன். என் கைக்குத் தெரியும்.

காரைக்குடிக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில் நானும் என் கணவர் செல்வினும் வேலை பார்த்தோம். கதிர்வீச்சு பட்டால் மினுங்கும் உப்புப் படிகம் வளர்க்கும் இடம். மருத்துவமனை ஸ்கேன் கருவிக்குள் போகும் பொருள். நாங்கள் ‘கல்’ என்போம். ஈரக்காற்றில் கரையும், கைச்சூட்டில் வெடிக்கும். அதனால் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் மெருகேற்றுவோம். என் பக்கம் ஒரு ஜோடி. எதிரே அவருக்கு ஒரு ஜோடி.

“பவுலின், அது கையா அடுப்பா? கொடு இங்குட்டு.”

தினமும் இதே கேலி. இரண்டு விரலை மடக்கி மடக்கிக் கேட்பார்.

கொத்தமங்கலம் சாலையில் லாரி மோதிப் போய்விட்டார். அவர் வளர்த்த கடைசிக் கல் அதன்பின்தான் உலையில் ஆறி வெளியே வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்குப் போனேன்.

“நான் தேய்ச்சுக்கிறேன் தங்கச்சி,” என்றார் உடன் வேலை பார்க்கும் முத்துக்கருப்பன் அண்ணன்.

“அவுக வளர்த்தது. நானே செய்றேண்ணே.”

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். எதிர்ப்பக்கக் கையுறைகள் பெட்டிக்குள் துவண்டு கிடந்தன. அவற்றைப் பார்க்காமல் தேய்த்தேன்.

மணி 1.20. கரண்ட் போனது. இயந்திர இரைச்சல் அடங்கியது.

கிரீச்...

ரப்பர் உரசும் சத்தம். எதிர்க் கையுறையின் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. காற்றழுத்தம் மாறினால் அப்படி ஆவதுண்டு.

உள்ளங்கை மேலே திரும்பியது.

காற்று இப்படித் திருப்பாது...

இரண்டு விரல்கள் மடங்கின. நிமிர்ந்தன. மடங்கின.

அந்தக் கை நீண்டு, என் விரல்களோடு சேர்த்துக் கல்லைப் பிடித்தது.

இரண்டு ரப்பரையும் தாண்டி... குளிர்.

“விடுங்க!” அலறினேன். “போயிருங்க!”

விட்டுவிட்டார்.

பயத்தில் நானும் விட்டிருந்தேன். கல் விழுந்து இரண்டாய்ப் பிளந்தது.

கை வழுக்கியது என்று எல்லாரிடமும் சொன்னேன். கட்டிய கணவரைத் துரத்தியதை எப்படிச் சொல்வது? அவர் வந்தது என்னைப் பயமுறுத்தவா? கல்லைக் காப்பாற்றத்தானே. இரவெல்லாம் கூசிப்போய்ப் படுத்திருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அந்தப் பெட்டி முன் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் கையுறைகள் இல்லை. இரண்டு துளைகளிலும் இரும்பு மூடி.

“அண்ணே, இதை எப்பக் கழட்டுனீக?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அடக்கத்தன்னைக்கே கழட்டிட்டேன் தங்கச்சி. நீ பாத்தா அழுவேன்னு...”