கோகோ சாரின் சிபாரிசு

தாம்பரத்தில் எதற்குப் போனாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "உள்ளே ஆள் இருக்கா?" ரேஷன் கார்டுக்கும் இதே கேள்வி, காலேஜ் சீட்டுக்கும் இதே கேள்வி. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து மூன்று வாரம்கூட ஆகாத எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று பேப்பரில் பார்த்து நான் துள்ளியபோது மாமாவும் அதையே கேட்டார். "இருப்பாங்க மாமா, இன்னைக்கு லீவு இல்லையே" என்றேன். நாங்கள் ஒண்டியிருந்த அத்தை வீடே சிரித்தது. நமக்காக உள்ளே ஒரு வார்த்தை சொல்லக்கூடிய தெரிந்த மனிதர்தான் 'ஆள்' என்று மாமா விளக்கினார். அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் ஓர் ஆள். மாமாவின் மகள் வசந்தா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறாள். அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த ஆள் ரிட்டையர் ஆகிவிட்டாராம், அடுத்த ஆள் இன்னும் பழுக்கவில்லையாம். டைப்பிங் கிளாஸுக்குப் போகிறேன் என்று அவள் கேட்டதற்கு, "ஆள் பார்த்துக்கிட்டு இருக்கும்போது டைப்பிங் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷம்தான் எனக்குள் பளிச்சென்றது: எனக்கு நானே ஆளாக இருந்தால் என்ன?

ரங்கூன் சந்தையில் கூடைக்காரப் பெண்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு, 'கொ ஹா கொ'. தன் காரியத்தைத் தானே என்று பொருள். இவ்வளவு பெரிய கூடையை யார் தூக்கிவிடுவார்கள் என்று கேட்டால், கொ ஹா கொ என்று சிரித்துக்கொண்டே தலையில் ஏற்றிவிடுவார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா இருபது வருஷம் கொ ஹா கொ என்று நடத்திய ஜவுளிக்கடைக்குப் புதுச் சட்டம் வந்த ஒரு காலையில் சர்க்கார் போர்டு மாட்டிவிட்டார்கள். என் கொள்கையை அவரிடம் உற்சாகமாக விளக்கியபோது, "கடை போனதுக்கும் நான்தானாம்மா பொறுப்பு?" என்று கேட்டார். ஆனால் அத்தை வீட்டு நடையில், நாலு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர் படுத்திருந்தோம். அத்தை அரிசி களையும் சத்தம் கேட்டால் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். பொறுப்பு யாருடையதாக இருந்தாலும், வேலைக்குப் போக வேண்டியவள் நான்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னாம்மா? உள்ளாற யார்னா கீறாங்களா?"

"இன்னும் இல்லைங்க. நீங்க என்னை விட்டா இருப்பேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு திமிராகப் பேசுகிறவள் சாதாரண இடத்திலிருந்து வந்திருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, "பெரிய இடம் போலக்கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே சலாம் வைத்துக் கதவைத் திறந்தார். உள்ளே கொடுத்த மிஷினில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது. ஒவ்வொரு தடவையும் நகத்தால் நிமிண்டிவிட்டே ஒரு தப்பில்லாமல் அடித்து முடித்தேன். வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "மறைக்காம சொல்லு ரூபி. யாரு ஆளு?"

"கொ ஹா கொ, மாமா!"

"கோகோவா? பர்மாக்காரரா?"

"ஐயோ, ஆள் இல்லை மாமா. நானேதான்னு அர்த்தம்."

"சரி சரி. வெளியே சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பார். பெரிய மனுஷங்க அப்படித்தான்."

மறுநாள் மாமா ஏறிய மின்சார ரயில் பீச் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் கோகோ சார் மானேஜராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது அவருக்கு ஒரு காரும் இருந்தது. நான் மறுக்க மறுக்க அவர் வளர்ந்தார். சில நாள் எனக்கே சந்தேகம் வரும்: மிஷினில் உட்கார்ந்தது நான்தான், ஆனால் வாசல் கதவைத் திறந்தது, வாட்ச்மேன் மனசில் இருந்த அந்த இல்லாத மனிதர்தானே?

இப்போது சேலையூரில் ஒரு போர்ஷனுக்கு வந்துவிட்டோம். அம்மா தன் கையால் அரிசி களைகிறாள். நேற்று மாமா வசந்தாவையும் அழைத்துக்கொண்டு வந்தார், கையில் அவளுடைய அப்ளிகேஷன். "கோகோ சார் காதுல போட்டு வைம்மா" என்றார். அவர் கை கழுவப் போனபோது வசந்தா மெதுவாகக் கேட்டாள்: "இவரும் ரிட்டையர் ஆயிடுவாராடி?"

அதற்கு மேல் கோகோ சாரை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மாமா திரும்பி வந்ததும் சொன்னேன்: "சார் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கார் மாமா. வசந்தா தினமும் சாயங்காலம் என்னோடு ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து டைப்பிங் கத்துக்கணுமாம்."

"அவரே சொன்னாரா?" மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்கே அனுப்பறேன்."

என்னோடு கப்பலில் வந்தவர்களே, நம்மை அங்கே 'கலா' என்றார்கள், வெளியாள். இங்கே என் பெயர் 'பர்மாக்காரப் பெண்'. இருபது வருஷத்தில் ரங்கூன் எங்களுக்கு ஊராகவில்லை. தாம்பரத்தில் காலே வைக்காத கோகோ சாருக்கு ஒரே வாரத்தில் இது சொந்த ஊராகிவிட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்டிட்யூட்டில் வசந்தாவைப் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறேன். முதலில் விரல்களை எந்தக் கட்டையில் வைப்பது என்று காட்ட வேண்டும். அப்புறம், கோகோ சார் யார் என்று அவளுக்கு மட்டும் சொல்லிப் பார்க்க வேண்டும்.