கயிற்றின் கடைசி ஆளும் என் இதயமும்

கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்த காலத்தில் என் உடம்புக்குத் தனி மரியாதை இருந்தது. வருடாந்த விளையாட்டுப் போட்டியில் எங்கள் வேலைப்பகுதி கயிறிழுத்தலில் விடாமல் வென்றதற்குக் காரணம், கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் நின்றதுதான். பெரிதாக இழுக்கவும் மாட்டேன். குதிகாலைப் புதைத்துப் பின்னால் சாய்ந்தால் போதும். என்னைச் சாக்கு நிறுக்கும் தராசில்தான் நிறுத்தார்கள். முள் இருநூற்றைம்பது இறாத்தலைத் தாண்டியதும் மூட்டை தூக்குபவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

முப்பத்தெட்டு வயதில் சிக்கல் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் மாடிவீட்டில் குடியிருந்தோம். படியேறும்போது பாதியில் நின்று ஜன்னலால் கப்பல் பார்ப்பேன். நான் கப்பல் பார்க்க நிற்கவில்லை என்பது மனைவிக்குத் தெரியும். மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் தீரவில்லை. மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கும்.

அந்த வருடம் காலிமுகத் திடலில் நடந்த போட்டியிலும் நாங்கள்தான் வென்றோம். ஆனால் எல்லோரும் துள்ளிக் குதித்தபோது நான் புல்லில் இருந்தபடியே மூச்சுக்குத் தவித்தேன். எங்கள் அணித் தலைவர், களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட முஸ்லிம் நண்பர், ஓடிவந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். என் உதடு நீலம் பாரித்திருந்ததாக அவர்தான் மனைவியிடம் சொன்னார். மறுநாள் காலையே அவள் என்னைப் பக்கத்துத் தெரு டொக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டொக்டர் சிறுநீரைச் சோதித்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என் இதயத்தின் நிழல் நெஞ்சில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய ஆளுக்குப் பெரிய இதயம்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கோட்டின் பொத்தான்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். இறுக்கத்தில் முக்கால் மூச்சுக்கூட எடுக்க முடியவில்லை.

"உங்கட இதயமும் இப்பிடித்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்குது," என்றார். "சுத்திவரக் கொழுப்பு. சுருங்கிறதுக்குப் பெரிசா கஷ்டமில்லை. விரியத்தான் ஏலாமல் கிடக்கு. விரியாட்டி இரத்தம் எங்க நிரம்பிறது?"

சலரோகமும் சேர்ந்திருக்கிறது என்று விளக்கினார். இரத்தம் முழுக்கச் சீனி இருந்தும் உடம்பால் அதைச் சரியாக எரிக்க முடியவில்லை; எரியாதது ஒருபுறம், சேர்ந்த கொழுப்பு மறுபுறம் என்று இரண்டுமாக இதயத்தின் தசையையும் கெடுக்கின்றன. நிழலில் எது கொழுப்பு, எது வீங்கிய தசை என்று படம் பிரித்துச் சொல்லாது, ஆனால் என்னைப் பார்த்தால் இரண்டும்தான் என்றார். நெஞ்சு நோகவே இல்லையே என்று கேட்டேன். நொந்திருந்தால் முன்பே வந்திருப்பேனாம்.

அன்றிலிருந்து நாங்கள் சமைக்கும் குசினியே ஆய்வுகூடமானது. மனைவி ஒரு ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் வாங்கினாள். தினமும் காலையில் மருந்தில் என் சிறுநீரை எட்டுத் துளி விட்டுக் காய்ச்சுவாள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறம் வந்தால் சீனி நிறைய. வெள்ளைச் சோறும் டின்பால் தேத்தண்ணீரும் நின்றன. குரக்கன் ரொட்டியும் கீரையும் வந்தன. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் நடக்கலாம் என்று டொக்டர் சொன்னதால் வேலைக்கு ஆறுதலாக நடந்தே போனேன். வீக்கம் வற்றியபின் ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போய்க் கடற்கரையில் இருவரும் நடந்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை.

நோன்புப் பெருநாளுக்கு அணித் தலைவர் வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் தந்தார்கள். ஒரு துண்டு மட்டும் என்று தொடங்கி மூன்று துண்டு தின்றேன். மனைவி கேட்டபோது பிளேன்டீ மட்டும்தான் என்றேன். மறுநாள் காலை அவள் செங்கல் நிறக் குழாயை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த போட்டி நெருங்கியபோது நான் ஐம்பது இறாத்தல் குறைந்திருந்தேன். மனைவி 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் அணித் தலைவர் கவலையோடு வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இவர இப்பிடி மெலிய வெச்சா நாங்க எங்க போற?" என்று கேட்டார். "போட்டி முடியும் வரைக்கும் சோத்தக் குடுங்களே."

மனைவி அவருக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கயிறு பிடிக்க உங்களுக்கு வேற ஆள் கிடைக்கும், நானா. எனக்கு வேற ஆள் இல்லை."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நண்பர் தேத்தண்ணீரைச் சீனி இல்லாமலே குடித்தார்.

அந்த வருடம் எங்கள் பகுதி முதல் சுற்றிலேயே தோற்றது. வரிசையாகப் புல்லில் இழுபட்டு வந்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது எக்ஸ்ரேயில் நிழல் சற்றே ஒடுங்கியிருந்தது. முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் இந்த இதயம் இனிமேல் ஒழுங்காக வேலை செய்யும் என்றார் டொக்டர்.

போட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை அணித் தலைவர் மறுபடி வந்தார். காகிதத்தில் சுற்றிய சிறு போத்தல் ஒன்றை வெட்கத்தோடு மனைவியிடம் நீட்டினார். தனக்கும் இப்போது தாகம் கூடவாம், சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்க வேண்டுமாம். மாதம் முடிவதற்குள் அணியில் நாலு பேர் போத்தலோடு எங்கள் படியேறி வந்தார்கள். மனைவி ஒவ்வொருவராக நிற்கவைத்து விளக்கைக் கொளுத்தினாள்.