ராவிய வளையம்

செசிலுக்குத் தன் கைமேல் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பாரிஸின் லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையின் மூலையில், ஒரு மேசையும் விளக்கும் கொள்ளும் இடத்தில் உட்கார்ந்து, பழைய லென்சுகளைப் பழுது பார்த்துப் புதுக் கமெராக்களுக்குப் பொருத்திக் கொடுப்பார். காலையில் அலுவலகங்களில் துப்புரவு வேலை, மத்தியானத்துக்குப் பிறகு இது. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் "செசில் அண்ணை கை வைச்சால் சரி" என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. லென்சின் பின்னால், கமெராவோடு பூட்டுகிற பழைய வளையத்தைக் கழற்றினால், அதை ஓர் உறையில் போட்டுப் பெயர் எழுதி லென்சோடு திருப்பிக் கொடுப்பார். என்றைக்காவது பழைய கமெராவில் போடவேண்டி வந்தால் திரும்பப் பூட்டலாம். இதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடிப்பார்.

சுபாங்கியின் லென்சில்தான் பிசகினார். அது அவளுடைய தகப்பன் தில்லையம்பலத்தின் லென்ஸ். அவர் ஒரு காலத்தில் பாரிஸ் தமிழரின் கல்யாணங்களைப் படம் பிடித்துத் திரிந்தவர். மகள் அதைத் தன் புதுக் கமெராவில் போட ஆசைப்பட்டுக் கொண்டுவந்தாள். வளையத்தின் திருகாணிகள் இறுகிக் கிடந்தன. இரண்டு நாள் எண்ணெயில் ஊற விட்டிருக்க வேண்டும். ஒரு திருகாணியின் தலை வழுக்கியதும் செசிலுக்குக் கோபம் வந்துவிட்டது. அரத்தை எடுத்து வளையத்தில் கமெராவோடு கொளுவுகிற காதுகளை ராவித் தள்ளிவிட்டு, மேலே புது வளையத்தைப் பூட்டினார். படம் துல்லியமாக விழுந்தது. சுபாங்கி சந்தோஷமாக வாங்கிப் போனாள். உறை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தில்லையம்பலம் மகளோடு வந்தார். கையில் பழைய கமெராவும் அந்த லென்சும். கமெராவுக்குள் பாதி எடுத்த பிலிம் சுருள் ஒன்று கிடந்ததாம்.

"தேர்த் திருவிழாவிலை படமெடுத்து இதை முடிக்கப் போறன் தம்பி. புது வளையத்தைக் கழட்டிப்போட்டுப் பழசைப் பூட்டித் தாரும்."

செசில் புது வளையத்தைக் கழற்றினார். அரம் பட்ட இடம் வெளியே தெரிந்தது.

"இதை ஆர் ராவினது?"

"என்னட்டை வரேக்கையே இப்பிடித்தான் இருந்தது அண்ணை."

தில்லையம்பலம் மகளின் பக்கம் திரும்பினார். சிம் அட்டை வாங்க நின்ற சனத்துக்கு முன்னாலேயே ஏசினார். "கண்டவனிட்டையும் குடுத்துப் பழுதாக்கிப்போட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. இனி இது கமெராவிலை ஏறாது."

சுபாங்கி செசிலைப் பார்த்தாள். பெரியவர் ஒருவரை நாலு பேருக்கு முன்னால் பொய்யராக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை.

"பர்தோன், அப்பா" என்று மன்னிப்புக் கேட்டாள்.

செசில் குனிந்து நிலத்தில் திருகாணி தேடினார். அங்கே ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் அவர் நற்கருணை வாங்க எழும்பவில்லை. ஏன் என்று மனைவி றெஜினா கேட்டதற்கு வயிற்றுக்குத்து என்றார். அதுவும் பொய். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தோமே என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து தொலைபேசியைக் கிண்டியபோது ஒரு படம் அகப்பட்டது. லென்சைக் கொண்டுவர முன்னர், "இது சரிவருமா அங்கிள்?" என்று கேட்டுச் சுபாங்கி அனுப்பிய படம். வளையம் முழுசாக இருந்தது. கீழே அவருடைய பதில்: "ஓம், கொண்டு வாரும்." அப்படியென்றால் இது அவளுடைய தொலைபேசியிலும் இருக்கிறது. அன்றைக்கு அவள் அதைத் தகப்பனிடம் நீட்டியிருந்தால் போதும்.

செசில் உடுப்பும் மாற்றாமல் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறித் தில்லையம்பலத்தின் வீட்டுக்குப் போனார். கதவடியில் நின்றபடியே படத்தைக் காட்டினார்.

"ராவினது நான்தான் அண்ணை. பொய் சொல்லிப்போட்டன்."

தில்லையம்பலம் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஏசுவார் என்று செசில் காத்திருந்தார், ஏசவில்லை.

"அவளை நான் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஏசினனான்" என்றார். பிறகு மகளுக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியைச் செசிலின் கையில் கொடுத்தார். "நீரே சொல்லும்."

"பிள்ளை, நான் செசில் அங்கிள் கதைக்கிறன். அந்த லென்ஸ்…"



"அண்டைக்கே சொல்லுவீங்கள் எண்டுதான் அங்கிள் உங்களைப் பாத்தனான்" என்றாள் சுபாங்கி.