இளவரசிக்கு வேறு பெயர்

மரக்காணத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. உப்பளத்தை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் ஹெட்மாஸ்டரும் நானும்தான் ஆசிரியர்கள். அவர் பெருமுக்கல்லிலிருந்து சைக்கிளில் வருவார். சாயங்கால மணி அடித்ததும் கிளம்பிவிடுவார். நான் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர்க்கதை எதுவும் எனக்குத் தெரியாது.

ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மான்குட்டியின் பின்னால் காட்டுக்குள் போன இளவரசி தொலைந்துபோகிறாள். ராஜா நான்கு திசைகளிலும் திரும்பி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான்காவது தடவை "அப்பா" என்று குரல் வருகிறது. அவ்வளவுதான் கதை.

இளவரசிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. உப்பு ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலைத் தாண்டிப் போகும் லாரி ஒன்றின் நெற்றியில், பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பெண்ணின் பெயர் மங்கலாகத் தெரியும். கூப்பிட்டால் நீளமாக ஒலிக்கக்கூடிய அழகான பெயர். அதையே வைத்துவிட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குரியவர் இன்றும் எங்காவது இருக்கலாம்.

அழைப்பிதழ்களை என் கையாலேயே எழுதினேன். நாடகத்தில் வருகிறவர்களின் பட்டியலில் இளவரசியின் பெயரும் இருந்தது. விழாவுக்குத் தலைமை உப்பள முதலாளி. அவர் வீட்டுக்கு ஒரு பிரதியை ஹெட்மாஸ்டர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், இளவரசியாக நடிக்கும் பெண்ணின் அம்மா உப்பளத்திலிருந்து ஓடி வந்தார். கால்களில் உப்புச் சேறு காய்ந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"டீச்சர், எளவரசிக்கு என்னா பேரு வச்சிருக்கீங்க?"

சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது மொதலாளி பொண்ணு பேரு டீச்சர். நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம். அதான் எம் பொண்ணுக்குத் தெரியல. நாலு மாசம் முன்னாடி லாரி டிரைவரோட போயிடுச்சி. அதுலேர்ந்து அந்த வீட்ல யாரும் அந்தப் பேர வாயால சொல்றதில்ல. லாரியில எழுதியிருந்ததக்கூட அழிச்சிட்டாங்க. நீங்க என்னடான்னா பொண்ணு காணாமப் போவுது, அப்பன் தேடுறான்னு கத வச்சிருக்கீங்க. வேணும்னு செஞ்சதாத்தான நெனப்பாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். முதலாளியின் தம்பி. அவர் செருப்போடு வகுப்புக்குள் வந்தார். ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தவர், சாயங்காலம் வரை உட்காரவே இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்து இந்தப் பேர வச்சீங்க?" என்று தம்பி என்னைக் கேட்டார்.

"யாரும் இல்லைங்க. எனக்குத் தெரியாதுங்க. லாரியில பார்த்தேன்..."

"எங்கண்ணன் நாளைக்கு வர்றாரு. வர்றேன்னு சொல்லிட்டாரு, நான் தடுக்க முடியாது. அவரு காதுல அந்தப் பேரு ஒரு தடவ விழுந்துது, இங்க படிக்கிற புள்ளைங்களோட அப்பன் ஆத்தா ஒருத்தரும் உப்புப் பாத்தியில கால் வைக்க முடியாது. சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு, சுவர் ஓரம் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பேர மாத்திடலாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மாற்றுவது அத்தனை லேசாக இல்லை. பிள்ளைகளை என்னைச் சுற்றி உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். வெண்ணிலா என்றேன். போன வருஷம் குப்பத்தில் கிணற்றில் விழுந்து இறந்த பெண்ணின் பெயராம். பூங்கொடி என்றேன். அது உப்பள மேஸ்திரியின் மனைவி பெயர். மல்லிகா என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வீட்டு ஆட்டின் பெயர். தமிழரசி என்றபோது, "அது கட்சிக்காரங்க வைக்கிற பேரு" என்று ஹெட்மாஸ்டர் பதறினார். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர் எனக்கு வேண்டும். அது அந்த ஊரில் இல்லை.

கடைசியில் யாழரசி என்றேன்.

"யாழுன்னா என்னா டீச்சர்?"

"அது ஒரு வாத்தியம்."

"இங்க யாருகிட்டயும் இல்லியே" என்றாள் இளவரசி. அதனால்தான் அது சரியாக இருந்தது.

ராஜாவாக நடித்தவன் ஐந்தாம் வகுப்புப் பையன். ஒரு மாதமாகப் பழைய பெயரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. வெயில் சாயும்வரை புதுப் பெயரைச் சொல்லவைத்தேன். பத்துத் தடவையில் இரண்டு தடவை பழையது வந்தது. தப்புச் செய்யும்போதெல்லாம் தன் வாயில் தானே அடித்துக்கொண்டான். அவனுடைய அப்பா, அம்மா இருவருமே உப்பளத்தில்தான் வேலை செய்தார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கே முதலாளி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டை. அறுபது வயதிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தம்பி. பின்னால் தரையில், உப்பளத்திலிருந்து சீக்கிரம் விடப்பட்ட ஆண்களும் பெண்களும். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.  நான் போர்வைத் திரைக்குப் பின்னால் இளவரசியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

ராஜா கிழக்கே திரும்பினான். "யாழரசீ!" மேற்கே திரும்பினான். "யாழரசீ!" தெற்கேயும் சரியாகத்தான் கூப்பிட்டான். நான் மூச்சை விட்டேன். வடக்கே திரும்பியபோது முன்வரிசை அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தான். பழைய பெயர் வந்தது. நீளமாக, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

தம்பி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பையன் கையிலிருந்த அட்டைக் கத்தி தரையில் கிடந்தது. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். அது அவன் அம்மாவாக இருக்க வேண்டும்.

"உக்காருடா" என்றார் முதலாளி.

"அண்ணே..."

"புள்ளைங்க ஆடுறாங்க. உக்காரு."

என் கையில் இருந்த தோள் நழுவியது. இளவரசி தானாகவே மேடைக்குப் போய்விட்டாள். "அப்பா" என்றாள். மெல்லிய குரல்தான். எல்லோருக்கும் கேட்டது. ராஜா மீதி வசனங்களை மறந்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நாடகம் அப்படியே முடிந்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். முதலாளி தட்டினார். பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

பரிசு கொடுத்து முடித்ததும் தம்பியைக் காருக்கு அனுப்பிவிட்டு, அவர் ராஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். பையனோடு நானும் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ கூப்பிட்டியே, இன்னொரு வாட்டி கூப்பிடு" என்றார் பையனிடம்.

"எந்தப் பேருங்க?" என்றான் அவன், அழுகையோடு.

"நாலாவதா கூப்பிட்டது."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் படிப்பது போல அந்தப் பெயரைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "நான் வச்ச பேரும்மா அது. நாலு மாசமா காதால கேக்கல. நோட்டீசுல பாத்துட்டுத்தான் இன்னைக்கு வந்தேன்" என்றார்.   பையன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காருக்கு நடந்தார்.

மறுநாள் விடியலில் எல்லோரும் பயந்துகொண்டேதான் உப்பளத்துக்குப் போனார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தம்பி மட்டும் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷ விழாவுக்கு அவர் வழக்கமாக அனுப்பும் நாற்காலிகளும் வரவில்லை.

நாடகம் நடந்த அந்த வருஷமே, கோடை விடுமுறைக்கு முன்பு ஒருநாள், இளவரசியாக நடித்தவளின் அம்மா வகுப்பு ஜன்னலில் வந்து நின்றார். "பாப்பா வந்துட்டுப் போச்சி டீச்சர்," என்றார். "பட்டப்பகல்ல, அந்த டிரைவரோட. ஊரே பாத்துச்சி. மொதலாளி வெளிய வந்து பேசலியாம். ஆனா ரெண்டு பேருக்கும் சோறு போட்டாங்களாம்."

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று, "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.