இடது காதில் விழுந்த வாசகம்

புதிதாக உபதேசியார் வேலைக்கு வரும் தம்பிமார் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதால் சொல்கிறேன். எழுதுவது என் மனைவி ரீத்தம்மா. நான் சொல்லாத எதையும் அவள் இதில் சேர்க்கவில்லை என்று நம்புகிறேன்.

1. சார்ஜர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஹட்டனிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்துவது உபதேசியாரான நான். முப்பத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். அப்படியொரு ஞாயிறில், முதல் வாசகத்தின் கடைசி வரியை முடித்த கையோடு, அதே நிதானத்தில், அதே கனத்த குரலில், "பேட்டரி பதினைந்து சதவீதம். சார்ஜரை இணைக்கவும்" என்றும் வாசித்துவிட்டேன். அதை உணருமுன்பே வாய் பழக்கத்தில் "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று முடித்தது.

"இறைவா உமக்கு நன்றி" என்றது கோயில் முழுவதும்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. சிரித்திருந்தால் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருட வாசகங்களையும் இவர்கள் இப்படித்தான் கேட்டார்களா என்று அன்று பகல் சோறு இறங்கவில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர் இருந்தார். தோட்டத்து மருந்துக் காம்பராவில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற டிஸ்பென்சர் சவரிமுத்து. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உபதேசியாரே, பதினஞ்சு சதவீதம்னு சொன்னது எந்தத் தீர்க்கதரிசிங்க? நானும் குறிச்சு வச்சிக்கிறேன்."

நடந்தது இதுதான். கண்ணில் அழுத்தம் கூடி, முதலில் இடது கண் போனது, பிறகு வலது கண்ணும் போனது. கொழும்பில் வேலை செய்யும் மகள் ஓர் இ-ரீடர் அனுப்பினாள். சிலேட்டு அளவு இருக்கும். பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கும் எழுத்தை ஒரு பெண் குரல் வாசித்துச் சொல்லும். அந்தந்த ஞாயிற்றுக்குரிய வாசகங்களை மகள் அங்கிருந்தே அதில் ஏற்றிவிடுவாள். நான் வலது காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, மூன்று சொல் பின்னால் நானும் சொல்லிக்கொண்டே போவேன். கேட்பவர்களுக்கு நான் வாசிப்பது போலத்தான் இருக்கும். அவள் எதைச் சொன்னாலும் நானும் சொல்லிவிடுவேன் என்பதை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

செய்தி பாதருக்குப் போயிற்று. கொண்டுபோனது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதர் இளவயதுக்காரர், நல்லவர். வீட்டுக்கே வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தோனியார் திருநாளுக்கு நாலு தோட்டத்துச் சனம் வருவாங்க. அன்னைக்கு நீங்களே வாசிங்க. சுத்தமா முடிஞ்சா தொடர்ந்து நீங்கதான். பிசகுனா டிஸ்பென்சர் ஐயாகிட்ட குடுத்துருவோம். நீங்க முன்னுக்கு உக்காந்துகிட்டு ஜெபம் சொல்லலாம்."

முன்னுக்கு உட்காருவதற்கு ஓர் உபதேசியார் எதற்கு? கண் போனபோது அழாதவன், அன்று பாதர் படியிறங்கிய பிறகு அழுதேன். ரீத்தம்மா இதை எழுத மாட்டேன் என்றாள். எழுதச் சொன்னேன்.

2. தலை வேண்டாம்

திருநாளுக்கு வந்த வாசகம் ஒரு கோயில் கட்டிய விவரம். நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம் என்று முழம் முழமாகப் போகும். எனக்கு எண்கள் பிடிக்கும். உற்சாகமாக அடுப்படியில் உட்கார்ந்து பழகத் தொடங்கினேன்.

இரண்டாவது நாள், உயரத்துக்கு வந்த இடத்தில் ரீத்தம்மா உள்ளே வந்தாள்.

"ஏங்க, தல வேணாம்னு யாருங்க சொன்னா?"

"எந்தத் தல?"

"அகலம் இருபது முழம், ரெண்டு கிலோ பாரை, தலை வேண்டாம், உயரம் இத்தனை முழம்னு வாசிச்சீங்க. நான் வாசல்ல மீன்காரர்கிட்ட சொன்னத நீங்க எதுக்கு வாசிக்கிறீங்க?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளை இடது பக்கம் நிறுத்தி, நான் வாசிக்கும்போது ஏதாவது சொல்லச் சொன்னேன். ஆறு தடவை செய்து பார்த்தோம். ஆறிலும் அவள் சொன்னது என் வாயால் வந்தது. வலது காதில் விழுவதை யோசிக்காமல் சொல்லிப் பழகிய வாய், இடது காதில் விழுவதையும் பிரித்துப் பார்க்காமல் சொல்கிறது. அதிலும் ஒரு கூத்து, வீட்டுப் பேச்சாக உள்ளே போனது வாசகத் தமிழாக வெளியே வருகிறது. "சோத்துக்கு ஒல வைக்கட்டா" என்று கேட்டாள். "சோற்றுக்கு உலை வைக்கட்டுமா" என்று நான் மக்களுக்கு அறிவித்தேன்.

இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்காததால் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "யாருங்க செத்துட்டாங்க?" என்று கேட்டார். அதோடு, இரண்டு காதையும் அடைத்தால் பாதர் பேசுவதும் சனம் பதில் சொல்வதும் கேட்காது. இடது காது திறந்துதான் இருக்க வேண்டும். பேட்டரியை நிரப்பலாம். இடது காதுக்கு மருந்து இல்லை.

"ஒங்க பக்கத்துல யாரும் பேசாம இருந்தாப் போதும்" என்றாள் ரீத்தம்மா.

"கோயில்லயா?" என்றேன்.

3. திருநாள்

அன்று நல்ல மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். எனக்கு மைக் வைத்திருந்தார்கள். என் இடது கைப் பக்கத்து முதல் வாங்குப் பலகையில் டிஸ்பென்சரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ரீத்தம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் சமையலைப் பொறுப்பெடுத்திருந்த பெண்கள்.

தொடங்கினேன். நீளம் நன்றாகப் போயிற்று. அகலத்தில், "கோழி ஆறு கிலோ போதாது" என்று ஒரு வரி சேர்ந்தது. முழக்கணக்கு நடுவில் கிலோக்கணக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு முதுகு நனைந்துவிட்டது. கூரையில் ஒழுக்கு இல்லை.

அடுத்து உயரம். உயரத்தைச் சொல்லி முடித்ததும் மைக்கில் என் குரல் இப்படிப் போயிற்று: "சற்றுப் பொறு. முதியவர் இப்போது தடுமாறுவார். என் மூக்குக் கண்ணாடியை எடு. மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்."

டிஸ்பென்சர் தம் சம்சாரத்திடம் சொன்னது என்னவோ, "கொஞ்சம் பொறு, கெழவன் இப்ப தடுமாறுவான்" என்றுதான். கிழவனை முதியவர் ஆக்கியது என் வாயின் மரியாதை.

கோயில் அசைவற்றுப் போனது. அந்த அமைதியில் அவர் சம்சாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதையும் வாசித்தேன்.

"இதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றேன்."

பீடத்துப் பக்கம் பாதர் இருமினார். சிரிப்பை இருமலாக்கத் தெரியாதவர் இருமிய இருமல் அது. மற்றப்படி மழைச் சத்தம் மட்டும்தான். வாயைத் திறந்தால் மைக்கில் வந்துவிடும் என்பது அந்த நொடியில் நாலு தோட்டத்துக்கும் விளங்கிவிட்டது. குழந்தையை அதட்டவும் ஆள் இல்லை. இயந்திரப் பெண் இதற்குள் வாசல் கதவுகளின் அளவுக்குப் போய்விட்டாள். ஓடிப்போய்ப் பிடித்து, கடைசி முழம் வரை வாசித்து முடித்தேன்.

4. தீர்ப்பு

பூசை முடிந்து பாதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போயிற்று என்று நினைத்தேன்.

"ஐயா, சுத்தமா முடியல. பிசகு ரெண்டு எண்ணுனேன்."

"மூணுங்க பாதர். அகலத்துல ஒரு கோழி இருக்கு."

பாதர் என் கையை விடவில்லை. "நான் இங்க வந்த நாள்ல இருந்து வாசகத்துக்கு இப்பிடி ஒரு அமைதியப் பாத்ததில்ல. பிரசங்கத்துல எத்தன தரம் சொல்லியிருப்பேன். நீங்களே வாசிங்க ஐயா. அந்தக் காத மட்டும் அடச்சிறாதீங்க."

அடுத்த ஞாயிறு முன்வரிசை மூன்று வாங்குகளும் காலி என்றாள் ரீத்தம்மா. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே. சனமெல்லாம் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசகம் கேட்டார்கள். எனக்கு நிம்மதி என்று ஒன்று வந்தது.

நான்காம் ஞாயிறு முதல் வாசகத்தின் கடைசி வரியில் இருந்தேன். இடது பக்கத்து முதல் வாங்கில் யாரோ வந்து உட்கார்ந்தது போல ஒரு மரச்சத்தம். பிறகு என் குரலே, மிகவும் தெளிவாக, மக்களுக்கு இப்படி அறிவித்தது: "இரண்டாம் வாசகத்தை டிஸ்பென்சர் சவரிமுத்து ஐயா அவர்கள் வாசிப்பார்கள்."

இந்தத் தடவை என் வாய் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மனுஷன் வாசகத் தமிழிலேயே சொல்லியிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். கண்ணாடியையும் துடைத்துக்கொண்டிருந்தார் என்று ரீத்தம்மா சொல்கிறாள். அறிவித்தாயிற்று. உபதேசியார் பீடத்தருகே நின்று அறிவித்ததை, இல்லை, அது காதில் விழுந்தது என்று சொல்ல முடியுமா? விலகி வழிவிட்டேன்.

வெளியே வந்து கேட்டேன். "என்னாங்க இது, டிஸ்பென்சர்?"

"நான் என்னா பண்றது உபதேசியாரே? கூப்பிட்டது நீங்கதானே."

அன்றிலிருந்து இரண்டாம் வாசகம் அவருடையது. காற்புள்ளிக்குக் காற்புள்ளி நின்று, கல்லில் செதுக்குவது போல வாசிக்கிறார். அந்த நேரத்தில் நான் இயர்போனைக் கழற்றிவிட்டு அவர் விடும் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு நான்கு. நான்கையும் அவரிடம் சொன்னேன். ஐந்து என்றார். நான் விட்ட அந்த ஐந்தாவது எது என்று இதுவரை சொல்லவில்லை. கேட்டால், "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, காதுல சொல்றேன்" என்கிறார்.

ஆகவே தம்பிமாரே, சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாசிக்கப் போகாதீர்கள். உங்கள் இடது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்க ஆசையுள்ள மனிதராக இருந்தால், நீங்களாகவே முன்வந்து ஒரு வாசகத்தைக் கொடுத்துவிடுங்கள். பெருந்தன்மை என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேரும் கிடைக்கவில்லை, வாசகமும் போயிற்று.