ஆனி மாதத்துச் சோளம்

வைகாசி மாதத்தில் ஒருவர் மக்காச்சோளம் அடித்திருக்கிறார். அடிக்கும் மெஷினில் கை மாட்டி மூன்று விரல் போயிருக்கிறது. காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

அரியலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பழைய வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்கச் சொல்லியிருந்தார்கள். தட்டிக்கொண்டிருந்தவள் அந்த வரியைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சீனியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். வைகாசியில சோளம் அடிச்சிருக்காங்க."

"அதுக்கென்ன?"

அவர் சென்னைக்காரர். அதற்கென்ன என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இதே பொய்யை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்போது நாங்கள் குன்னத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு, சிமெண்ட் மூட்டைக்குப் பை செய்யும் ஆலை ஒன்றில் வேலை. காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தது. தாத்தா காலம்வரைக்கும் அடுத்தவர் நிலத்தில், எங்கள் பேச்சில் கொல்லையில், கூலிக்குப் போன குடும்பத்தில், மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பாதான். சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று ஒரு வரி இருக்கும். அது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு. அம்மா மாதாமாதம் அந்த வரியில் விரலை வைத்துச் சண்டை பிடிப்பாள்.

"இத எதுக்குத்தான் புடிக்கிறானுவளோ?"

"அடிபட்டா குடுப்பாங்களாம்."

"அடிபடாட்டி?"

"அடிபடாம இருக்கறதே லாபந்தான்டி."

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் இருக்கும், ஆனி பிறந்திருந்தது. பை வெட்டும் மெஷினில் அப்பாவின் இடது கை மாட்டியது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன. அந்தக் கத்திக்கு மேலே இரும்பு மூடி ஒன்று இருக்க வேண்டும். மூடியைப் போட்டால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அப்பா கையில் ஒரு வெள்ளைப் பந்தோடு வீட்டுக்கு வந்தார் என்பது மட்டும்தான்.

மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தார். திருச்சி டவுனில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டு மண் தரையில் வெள்ளை பேண்டோடு உட்காரத் தயங்கி, கடைசிவரை நாற்காலி நுனியிலேயே இருந்தார். வைத்தியச் செலவு பூராவும் தன்னுடையது, வேலை அப்படியே இருக்கும், கை ஆறியதும் வரலாம் என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வேலையில பட்டதுன்னு மட்டும் சொல்லிராதப்பா. வூட்ல பட்டதுன்னு சொல்லிரு. மெஷின்ல மூடி இல்லன்னு தெரிஞ்சா ஆலைக்கே பூட்டுப் போட்டுருவான். அப்புறம் நீயும் இல்ல, நானும் இல்ல."

அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க. எம் வாயால சொல்ல மாட்டேன்."

"எதுல பட்டுச்சுன்னு சொல்லுவ? தண்ணி மோட்டார்னு சொல்லிரு."

"மோட்டாருன்னா கரண்டு ஆபீஸ்காரங்க வருவாங்க. மச்சான் கொல்லையில சோளம் அடிக்கிற மெஷின்ல பட்டுச்சுன்னு சொல்லிக்கிறோம்."

"அதுவும் சரிதான்" என்றார் காண்ட்ராக்டர். முகம் தெளிந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்த மாசத்துல எவன்..."

"நீ போயி டீயப் போடு."

அம்மா போனாள். அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். காண்ட்ராக்டர் மரியாதைக்கு அதையும் குடித்தார்.

அப்புறம் அப்பா என்னைக் கூப்பிட்டார். பள்ளியில் ஒப்பித்தல் போட்டி எதுவானாலும் முதல் பரிசு எனக்குத்தான். "ஆபீஸ்லேருந்து யாராச்சும் வந்து கேட்டா நீதான் சொல்லணும். நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். இவ்வளவு பெரிய வேலையை யாரும் என்னிடம் தந்ததில்லை. இரண்டு நாளில் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டேன். குன்னத்திலிருந்து டிராக்டர் வந்தது, சிவப்பு டிராக்டர். கதிர்க் குவியல் ஆள் உயரம். மாமா மறுபக்கம் நின்று தள்ளினார். தூசியில் அப்பாவுக்குத் தும்மல் வந்தது, கை வழுக்கியது. தும்மல் என் சொந்தச் சரக்கு. அப்பா அதைக் கேட்டு, வலியோடு வலியாகச் சிரித்தார்.

தை பிறந்தால் ஊரே சோளத் தூசியில் தும்மும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒப்பிக்கிறவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. விடாமல், தடுமாறாமல் சொல்லி முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கை காயத்துக்கு டாக்டர் சீட்டு வாங்கி லீவில் இருக்கிறவர் உண்மையிலேயே வீட்டில்தான் இருக்கிறாரா, வேறெங்காவது கூலிக்குப் போகிறாரா என்று பார்ப்பதற்குக் காப்பீட்டு ஆபீசிலிருந்து ஆள் வருவதுண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையில் முடி இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, அப்பாவிடம் எப்படிப் பட்டது என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

தும்மல்வரை பிசகில்லாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "நீ பாத்தியா பாப்பா?" என்றார்.

"பாத்தேன் சார்."

"குவியல் எம்மாம் பெருசு?"

"ஆளு ஒசரம் சார்."

"எப்ப நடந்துச்சு?"

"இந்த மாசந்தான் சார். பள்ளிக்கூடம் தொறந்தப்பறம்."

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். கோடை உழவு போட்ட கொல்லை கட்டியும் கரடுமாகக் கிடந்தது. எங்கள் பக்கம் எல்லாம் மானாவாரி. புரட்டாசி மழைக்குத்தான் விதை போடுவார்கள். பச்சை என்று சொல்ல ஒரு புல்கூட இல்லை.

"ஏங்க, எனக்குக் கீழப்பழுவூர் பக்கம். நாங்களும் சோளம் போடுறவங்கதான். எங்க அய்யா இன்னும் வெதையே வாங்கல. ஒங்க ஊர்ல ஆனியிலயே அடிச்சிட்டீங்களா?"

அப்பா, "பாப்பா சொல்லுதுங்களே" என்றார்.

"பாப்பா நல்லாத்தான் சொல்லுது." அவர் அப்பாவின் கட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "சோள மெஷின்ல மாட்டுனா நசுங்கும். டாக்டர் சீட்டுல நேர் வெட்டுன்னு இருக்கு. என்ன மெஷினுங்க?"

"நான் வாக்குக் குடுத்துருக்கேங்க."

"அப்ப நீங்க சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து நிறைய எழுதினார். போட்டியில் நடுவர் நிறைய எழுதினால் பரிசு இல்லை என்று அர்த்தம்.

ஆலையில் விசாரணை நடந்தது. மூடி கிடைத்தது. மெஷின் கொஞ்ச நாள் நின்றது. அதோடு அப்பாவின் வேலையும் நின்றது. காண்ட்ராக்டர் ஒருநாள் வண்டி இன்ஜினை அணைக்காமலே தெருவில் நின்று கத்தினார்.

"நல்லா இருப்பா! குடுத்த வாக்க நல்லாக் காப்பாத்துன!"

"நான் ஒரு வார்த்த சொல்லலீங்க. புள்ளதான் சொல்லுச்சு. நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்லுச்சு."

வண்டி புகையை விட்டுவிட்டுப் போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பாவின் வேலையைத் தொலைத்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாசத்தைக் கேட்டபோது 'தை' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது! அந்த வருஷம் ஒப்பித்தல் போட்டிக்கு டீச்சர் பெயர் கேட்டபோது வயிற்றுவலி என்றேன். அடுத்த வருஷமும் அதே வலி. அப்பா மட்டும் அவ்வப்போது, "நீ நல்லாத்தான் சொன்ன" என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்துத் திருச்சியில் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து அப்பாவின் விரலை மடக்கி, நீட்டி, அளந்தார்கள். நானும் போயிருந்தேன். சட்டப் புத்தகத்தின் பின்னால் அதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது என்று அப்போது தெரியாது. கட்டைவிரல் போனால் முப்பது சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் பதினான்கு, கணுக் கணுவாகப் போனால் அதற்குத் தகுந்த மாதிரி. முதல் வருஷம் கல்லூரியில் அதைப் படித்தபோது, வகுப்பில் என் விரலையே மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கின்படி அப்பாவுக்கு ஒரு தொகை மாதாமாதம் வருகிறது, ஆயுசுக்கும் வரும். வீட்டில் பட்ட காயமாக இருந்திருந்தால், லீவு நாட்களுக்குப் பாதிக்கு மேல் கொஞ்சம் கொடுத்துவிட்டு முடித்திருப்பார்கள்.

இந்தக் காப்பீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: யார் தப்பு என்று அது கேட்பதில்லை. வேலையில் பட்டதா, வேலையால் பட்டதா, அவ்வளவுதான் கேள்வி. அப்பாவே கவனக்குறைவாகக் கையை விட்டிருந்தாலும் உண்டு. காண்ட்ராக்டர் பையிலிருந்தும் எதுவும் போகாது, பிடித்த பணத்திலிருந்துதான் போகும். அவர் பயந்தது மூடிக்காக மட்டும். யாரையும் குற்றம் சொல்லாமலே கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு, எல்லோருமாகச் சேர்ந்து எத்தனை பொய்யைத் தயாரிக்கிறார்கள்!

வைகாசிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். இப்போது அவர் லப்பைக்குடிக்காட்டில் ஒரு மளிகைக் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூட்டை விழும் சத்தம் கேட்டது.

"அப்பா, அன்னைக்கு ஏன் சோளம்னு சொன்ன?"

"என்னைக்கு?"

"கை போனப்ப."

"ஒரு நிமிசம் பாய், புள்ள பேசுது" என்று யாரிடமோ சொன்னார். சத்தம் குறைந்தது. "இப்பத்தான் கேக்குறியா? எட்டாவது படிக்கும்போதே ஒனக்கு வெளங்கிருக்கும்னுல்ல நெனச்சேன். வக்கீலுக்கு வேற படிக்கிற."

"நான் மாசத்தத் தப்பாச் சொல்லிட்டேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நீ ஒண்ணுந் தப்பாச் சொல்லல. காண்ட்ராக்டரு டவுன்காரரு, சோளம் எந்த மாசம்னு அவருக்குத் தெரியாது. வந்து கேக்குற ஆளு வெவசாயியா இருக்கணுமேன்னுதான் எனக்கு ஒரே பயம்."

பரிசு அன்றைக்கே எனக்குக் கிடைத்திருக்கிறது, நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

வைகாசிக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'வீட்டில் நேர்ந்தது' என்று காப்பீட்டு ஆபீசில் முடித்துக் கட்டியிருக்கிறார்கள். படித்தவர்களில் ஒருவருக்கும் சோளம் எந்த மாசம் என்று தோன்றவில்லை. காலக்கெடு தாண்டியிருக்கலாம். தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போட இடம் இருக்கிறதா என்று சீனியரிடம் கேட்டேன். "முதல்ல ஆளப் பாத்துட்டு வா" என்றார். அலமாரியில் இன்னும் இரண்டு தட்டு தட்டாமல் கிடக்கிறது. எந்தப் பயிர், எந்த மாசம் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கப் போகிறேன். அதற்கு முன்னால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவர் ஊருக்குப் போகிறேன். கையைக் காட்டச் சொல்ல மாட்டேன். ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: "அண்ணே, சோள மெஷின்னு சொன்னது அவங்களா, நீங்களா?"